கூழாங்கல் சாரின் நாக்கு

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல், துணைக்கு வந்தவரின் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அந்த நாக்கின் சொந்தக்காரர் எங்கள் ரயில்வே ஆபீஸ் ஹெட்கிளார்க், கூழாங்கல் சார். முக்கொம்பிலிருந்து கல்லணை வரை அவர் நக்கிப் பார்க்காத கல் கிடையாது. காய்ந்த கல் பொய் சொல்லும், நனைந்தால்தான் நிஜ நிறம் காட்டும் என்பது அவர் கட்சி. ஆற்றில்தான் தண்ணீர் இருக்கிறதே என்றால், "எச்சில் கூடவே வருது தம்பி, ஆறு வராதுல்ல" என்பார். மழமழவென்று உருண்டிருந்தால் தூரத்துக் கல். மூலை மழுங்காதது பக்கத்துக் கல். மனிதர்களுக்கும் அதே கணக்கு. புதிதாக வந்த ஆபீசரை, "இன்னும் உருளணும்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு அப்பா இல்லாததால், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பெண் பார்க்கப் பெரியவர் என்று அவரை அழைத்துப் போனேன். பஸ்ஸில் வழிநெடுக, "சார், இன்னிக்கு மட்டும் எதையும் நக்காதீங்க" என்று கெஞ்சினேன்.

"பொண்ணு வீட்டுல கல்லு ஏது தம்பி?"

இருந்தது. பெண்ணின் அப்பா பெருமாள் அறையிலிருந்து ஒரு வெள்ளிப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். "சாளக்கிராமம். எங்க கொள்ளுத்தாத்தா கண்டகி நதியிலேர்ந்து ஏளப்பண்ணிண்டு வந்தது. சேவிச்சுக்கோங்கோ."

நான் 'சார்' என்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

"சாமி, இது கண்டகி இல்லீங்க. உள்ளே நீலமா மினுக்குது பாருங்க. நம்ம கொள்ளிடம்."

"ரெண்டு பேரும் எழுந்திருங்கோ" என்றார் பெண்ணின் அப்பா. என் கல்யாணம் வாசற்படி வரை போய்விட்டது.

அப்போது பெண்ணின் அம்மா வெளியே வந்தாள். "ஏன்னா, அவர் சொல்றது வாஸ்தவம்தான். பெட்டியைத் தேய்க்கறச்சே பழசு கிணத்துல விழுந்துடுத்து. நான்தான் கொள்ளிடத்துலேர்ந்து ஒண்ணு எடுத்துண்டு வந்து வெச்சேன். இத்தனை நாள் பெருமாளா இருந்துட்டார், இனிமே கல்லா இருன்னா கேப்பாரா?"

பெண்ணின் அப்பா பெட்டியை மெல்ல மூடினார். "இது வெளியில போகப்படாது" என்றார்.

"சம்பந்தியாயிட்டா வெளி ஏதுங்க சாமி?" என்றார் கூழாங்கல் சார். "பையன் நல்லா உருண்ட கல்லு. மூலையே கிடையாது."

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம்.

கூழாங்கல் சார் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள், அவர் கொடுத்த வெள்ளைக் கூழாங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "மகா மனுஷர். ஒரு கல்லைக்கூடத் தப்பாச் சொன்னதில்லை."

என் மனைவி காபியை வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொன்னார். மூலையே கிடையாதுன்னு."