ட்ரங்கால் அக்காவும் தேவர்களின் பேத்திகளும்

நாலைந்து வருஷத்துக்கு முன்பு தி. நகரில் தேவர்களின் நேரடி வாரிசுகள் பதினொரு பேர் வசித்துவந்தார்கள். பதினொரு பேரும் ஒரே பெண்கள் விடுதியில், ஒரே குழாயடியில் வரிசையில் நின்றார்கள். அவர்களைக் கண்டுபிடித்த பெருமை உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. எங்கள் ட்ரங்கால் அக்கா!

அக்காவுக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. வெளியூர்களுக்கு ட்ரங்கால் இணைத்துக் கொடுத்து, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை பேச்சை நீட்டிக்க வேண்டுமா என்று கேட்பார். பாதி நாள் ராத்திரி ஷிப்ட். காதில் மாட்டிய கருவியைக் கழற்றினாலும் அந்தப் பேச்சு மட்டும் கழலாது. சாம்பார் கேட்டால் "லைன்ல இருங்க" என்பார். யாராவது சொந்தக் கதையை நீட்டினால் கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ட் பண்றீங்களா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டையோடு வந்துவிடுவார். விளையாட்டு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. தேவர்கள் எங்கும் போய்விடவில்லை. பிள்ளைகுட்டி பெருகி, வேலை தேடி மெட்ராஸுக்கு வந்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. தலைமுறைக்குத் தலைமுறை சக்தி குறைந்து, அக்னியின் பேத்திக்கு ஸ்டவ் பற்றவைக்கும் அளவு நெருப்புதான் மிச்சம். அக்கா ஒரு சிக்கலைச் சொல்வார். நாங்கள் அந்த வாரிசாகவே மாறி, என்ன செய்வோம் என்று பேச வேண்டும். சக்தி பலிக்க வேண்டுமானால் கட்டையை உருட்டித் தாயம் விழ வேண்டும். விழாவிட்டால் சாதாரண மனுஷியாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆளுக்கு மூன்று நிமிஷம்.

யாருக்கு எந்தத் தேவர் என்பதில் மேல்முறையீடு கிடையாது. ஸ்ரீரங்கத்து வசந்தா முறையிட்டுப் பார்த்தாள்.

"எங்காத்துல யாரைக் கேட்டாலும் இந்திர வம்சம்னுதான் சொல்லுவா, அக்கா."

"இந்திரன் லைன் பிஸி. வாயு இருக்கார், பேசறியா?"

வசந்தா வாயுவின் கொள்ளுப்பேத்தி ஆனாள். மின்விசிறி நின்றால் எல்லாரும் அவளை முறைத்தோம்.

எனக்கு வருணன். நான் அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். அரசாங்கம் எங்கள் வீடுகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த பிறகு, வேலைக்கு வந்துபோக முடியாமல் விடுதியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அதனால் எந்தக் காகிதத்தைக் கண்டாலும் முழுப் பெயரையும் எழுதிக் கீழே ஒரு கோடு இழுப்பேன். வருண வம்சம் என்றதும் தலை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது.

"எமனோட பேரன் ரேஷன் கடையில எடை போடறான்" என்று ஆரம்பித்தார் அக்கா ஒரு நாள். "நீ கார்டை நீட்டினா உன் பேரைப் படிப்பான். படிச்சா உசிர் போயிடும். அரிசி வேணும். என்ன செய்வே?"

"கார்டைத் தலைகீழா நீட்டுவேன்."

"தலைகீழாவே படிப்பான். இருபது வருஷ சர்வீஸ்."

"மழை வர வைப்பேன். எழுத்து அழிஞ்சிடும்."

"உருட்டு."

மூன்று விழுந்தது. எமனின் பேரன் என் பெயரை இனிஷியலோடு படித்தான். அன்று சாயங்காலம் வரை நான் செத்துக் கிடந்தேன். காபி மட்டும் கொடுத்தார்கள்.

அந்தக் கோடையில் ஊரெங்கும் தண்ணீர்ப் பஞ்சம். ஒரு ஞாயிறு காலை விடுதிக் குழாய் 'கொர்' என்றதோடு நின்றுவிட்டது. அக்கா ஷிப்ட் முடிந்து இன்னும் திரும்பவில்லை. முப்பது பெண்கள் பக்கெட்டோடு நின்றார்கள். எல்லாருடைய பார்வையும் என்மேல் விழுந்தது. எங்கள் விளையாட்டைக் கண்டாலே உதட்டைச் சுழிக்கும் கணக்கு டீச்சர்கூட, "நீ கொஞ்சம் சொல்லிப் பாரேன்" என்றார். நான் சும்மா இருப்பேனா? அக்காவின் தலையணைக்கடியிலிருந்து கட்டைகளை எடுத்துவந்து குழாயடியில் குந்தினேன்.

இரண்டு. ஐந்து. மூன்று. ஒவ்வொரு உருட்டலுக்கும் "போடு! போடு!" என்று கூச்சல். எட்டாவது உருட்டலில் தாயம்! குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. எழுந்த ஆரவாரத்தில் வார்டன் அம்மாள் ஜபமாலையும் கையுமாக ஓடிவந்தார்.

"சூது! என் ஹாஸ்டல்ல சூது!"

"சூது இல்லம்மா, தண்ணி" என்றேன்.

"கட்டை யாருது?"

அந்த நேரம் பார்த்து, தூக்கம் சொக்கும் கண்ணோடு வாசலில் நுழைந்த அக்கா, "என்னுதுதான்" என்றார்.

சூதாடினால் அன்றே அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது விடுதிச் சட்டம். எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ராத்திரி வேலைக்குப் போய் விடிந்த பிறகு திரும்பும் தனிப் பெண்ணுக்கு இந்த ஊரில் யார் வீடு கொடுக்கிறார்கள்? நாலு வாசலில் நின்று, கேட்கக் கூடாததை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் அக்கா இங்கே வந்து சேர்ந்திருந்தார். இந்தக் கட்டிலை விட்டால் அவருக்கு வேறு கட்டில் கிடையாது.

விசாரிக்க விடுதிச் செயலாளர் வந்தார். திருநெல்வேலிக்காரர். பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் ஒன்றரைப் பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதி, இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, கோடு இழுத்து நீட்டினேன். அவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? 'வருண வம்சத்தைச் சேர்ந்த நான்'னு போட்டிருக்கு?"

பழக்கதோஷம்! விடுதியில் மற்றவர்களைப்போலவே பேசப் பழகியிருந்த என் நாக்கு, பதற்றத்தில் ஆற்றங்கரைக்கே ஓடிவிட்டது.

"அது இன்னான்னா சார்... துட்டு வச்சு ஆடல. சக்தி வச்சுக்கினு ஆடுறோம். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் உருட்டிக்கினு இருந்தேன்."

"ஒண்ணும் விளங்கல. ஆடிக் காட்டுங்க, பாப்போம்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க குபேரனோட பேரன். ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முந்தின நாள். ஒரே பட்டுச்சேலையை ரெண்டு மாமிங்க ஆளுக்கொரு முனையா இழுக்கறாங்க. என்ன செய்வீங்க?"

"இதே மாதிரி இன்னொண்ணு உள்ள இருக்குன்னு சொல்லுவேன்."

"உள்ள இல்ல."

"ஆளுக்கொரு கலர் சோடா குடுப்பேன்."

"குடிச்சிட்டாங்க. சேலையை விடல."

செயலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உருட்டினார். ஆறு.

"மூணு நிமிஷம் ஆச்சு சார். எக்ஸ்டென்ட் பண்றீங்களா?"

"பண்ணும்மா! பட்டு கிழிஞ்சுரப் போவுது!"

வார்டன் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். நாலு முறை நீட்டித்தும் தாயம் விழவில்லை. சேலை நட்டநடுவில் கிழிந்தது. செயலாளர் துக்க வீட்டுக்காரர்போல் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

"இதுல எவனும் ஜெயிக்க முடியாது. ஜெயிக்கவே முடியாதது எப்படிம்மா சூது ஆகும்? அந்தப் பிள்ளை இங்கனயே இருக்கட்டும்."

மாடிக்குப் போய்ப் படுத்த அக்கா அடுத்த நொடியே தூங்கிவிட்டார். நான் அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் போனவர்களை எல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். அவராக எழுந்து கதவைத் திறக்கும்வரை அங்கேயே இருந்தேன்.