சிறுகுறிஞ்சான் தேடிப் போன ஞாயிறு

என் பெயர் சக்கரவர்த்தி. போன வருஷம் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய நாள் முதல் நான் சக்கரைவர்த்தி. அன்றைக்கே என் மனைவி மணிமொழி வீட்டிலிருந்து இனிப்பை நாடு கடத்திவிட்டாள். அவள் பிளஸ் டூவுக்குத் தாவரவியல் நடத்தும் டீச்சர். வகுப்பில் பிள்ளைகளும் வீட்டில் நானும் எதிர்த்துப் பேசுவதில்லை.

போன ஞாயிறு காலை சொன்னாள்: “பசங்களுக்குக் காட்ட சிறுகுறிஞ்சான் பூ வேணுங்க. எருக்குக் குடும்பம். அடி அண்ணாமலை வேலிங்கள்ல இருக்கும்.”

அடி அண்ணாமலை! அங்கேதானே காசி கடை பாதுஷா! என் நாக்கு எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டது.

“நீ ரெஸ்ட் எடு. நானே போறேன்.”

“அடையாளம் தெரியுமா? கொடி. இலை ரெண்டு ரெண்டா எதிரெதிரா இருக்கும். கணுவுல பொடிப்பொடியா மஞ்சப் பூ, கொத்தா. போட்டோ அனுப்புங்க. நான் சரின்னு சொன்னப்புறம் ரெண்டு இலை மென்னு பாருங்க, அப்பத்தான் உறுதி. அதுக்கு முன்னாடி எதையும் வாயில வெச்சுடாதீங்க.”

ஸ்கூட்டரை விரட்டினேன். ஒரு நிலத்தோரம் ஊதாப் பூ, கிள்ளினால் பால். படம் அனுப்பிய உடனே போன் அடித்தது.

“ஏங்க, அது எருக்கு! புள்ளையாருக்குப் போடுறது! பால் கண்ணுல பட்டுடப் போவுது, கையக் கழுவுங்க!”

கழுவினேன். அடுத்த வேலியில் ஒரு கொடி.

“இது வேலிப்பருத்தி. காய்ல முள்ளு முள்ளா இருக்கு பாருங்க. சொந்தக்காரங்கதான், பக்கத்துல தேடுங்க.”

“பொண்ணு பார்க்கக்கூட நான் இவ்ளோ அலையலடி.”

“அலைஞ்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”

கடைசியில் ஒரு புங்க மரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது மஞ்சள் பூக்கொடி.

“அதேதான்! சபாஷ்! இப்ப மெல்லுங்க. நாக்கு பூரா படணும்.”

மென்றேன். கசப்பு. துப்பிவிட்டு, பூங்கொத்தோடு நேராகக் காசி கடை.

பாதுஷா. ஒரு வருஷத் தவம். வாயில் போட்டேன்.

ஈர மண்.

“காசி, சக்கரை கம்மியா?”

“சார், ஜீராவுலயே ஊறுது!”

“அந்த ஜிலேபியக் குடு.”

அதுவும் மண். வளைந்த மண்.

காசி ஒரு துண்டைத் தானே தின்று பார்த்தான். “தேன் மாதிரி இருக்கு. நீங்க டாக்டரைப் பாருங்க சார்.”

இந்த வியாதி நாக்கையும் தின்றுவிட்டதா? மீதியைப் பார்சல் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மணிமொழி என் முகத்தைப் பார்த்தாள். “பாதுஷா எப்படி இருந்துச்சு?”

“மண்ணு மாதிரி...” வாய் தவறிவிட்டது.

“அந்த இலைய மென்னா கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாதுங்க,” என்று சிரித்தவள், பார்சலைப் பிரித்து ஒன்றைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். “ஒரு வருஷம் ஆச்சு.”

“நீ ஏன் சாப்பிடல? உனக்கென்ன சக்கரையா?”

“நீங்க சாப்பிடாதப்ப எனக்கு எப்படி எறங்கும்?”

ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. நாடு கடத்தப்பட்டது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இனிமே வாராவாரம் உனக்கு நானே வாங்கிட்டு வரேன். முதல்ல வேலிக்குப் போய் ரெண்டு இலை மென்னுட்டுத்தான் கடைக்கே போவேன். சத்தியம்.”

“வேலி வேலியா அலைய வேணாங்க,” என்றாள் அடுத்ததை எடுத்தபடி. “எங்க ஸ்கூல் அறிவுமதி டீச்சர் நேத்தே அந்தக் கொடியத் தொட்டியோட குடுத்துட்டாங்க. மாடியில பூத்திருக்கு.”