மூன்றாவது ஆப்சென்ட்

வார்டின் துணி அறையில், போர்வை மூட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்தாள் சிஸ்டர். எதிர் அலமாரியில் செல்போன் சாய்ந்து நின்றது. போனில் வகுப்பு நடந்தது. ஆன்லைனில் நர்சிங் மேற்படிப்பு படிப்பவர்களுக்கு இதெல்லாம்தான் கல்லூரி. கேமராவில் முகம் தெரியாவிட்டால் ஆப்சென்ட். மூன்று ஆப்சென்ட் விழுந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

பாடம் சூடு பிடிக்கும் நேரத்தில் கதவு திறந்தது. மேட்ரன்.

"இங்கதான் இருப்பேன்னு தெரியும். வார்டை யாரு பார்க்கிறது?"

"ஆயாவை நிறுத்திட்டு வந்திருக்கேன் மேடம்."

"ஆயா ஊசி போடுவாளா? நட."

முதல் ஆப்சென்ட் விழுந்தது. இத்தனைக்கும் மேட்ரன் யோக்கியமா என்றால், வகுப்பு நடக்கிற செவ்வாய்க்கிழமை சாயங்காலமெல்லாம் தலைவலி என்று அறையைச் சாத்திக்கொள்கிறவர்தான்.

படிப்பைப் பாதியில் யாரும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவே கல்லூரியில் ஓர் அம்மாவை வைத்திருந்தார்கள். போன் எடுத்தாலே "விட்டுடாதீங்க" என்பார். பேரே விட்டுடாதீங்க மேடம் என்றாகிவிட்டது.

"விட்டுடாதீங்க சிஸ்டர். வேற இடம் பாருங்க. கேமரா ரிப்பேர்னு பர்மிஷன் வாங்கி, பூனைப் படம் போட்டுக்கிட்டு ஒருத்தங்க வகுப்புக்கு வர்றாங்களே, அவங்களுக்கும் இதே கஷ்டம்தான். வேலை இடத்துல ஒரு ஆள் படிக்க விடாம உயிரை வாங்குறாங்களாம்."

"அந்த ஆள் எங்க மேட்ரனுக்குக் கூடப் பிறந்தவங்களா இருக்கும்," என்றாள் சிஸ்டர்.

அடுத்த வாரம் வேறு இடம் பார்த்தாள். வார்டுக் கோடியில் காலிக் கட்டில். சுற்றிலும் திரையை இழுத்துவிட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, போனைச் சலைன் ஸ்டாண்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போனது, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வரும்வரை.

"இது எப்ப அட்மிஷன்?" என்று கேட்டவர், கையைப் பிடித்துப் பார்த்தார். "நாடி எகிறுதே. ஒரு பாட்டில் ஏத்துங்க."

சிஸ்டர் முனகினாள். வேறு என்ன செய்வாள், பாவம்? ஊசி கிட்டே வருவதற்குள் மேட்ரன் நேரே அந்தக் கட்டிலுக்கு வந்து போர்வையை உருவினார்.

"பேஷண்ட் யூனிஃபார்ம் போட்டிருக்கா டாக்டர், பார்க்கலையா?"

இரண்டாவது ஆப்சென்ட். மானமும் கப்பலேறியது.

"யாரு போட்டுக் கொடுத்தது?" என்று ஆயாவைப் பிடித்தாள்.

"சத்தியமா நான் இல்ல சிஸ்டர். மேட்ரனம்மா ரூமை விட்டே வெளிய வரல. வந்தாங்க, நேரா உங்ககிட்ட போனாங்க."

வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். "விட்டுத் தொலையேன்."

"எதை? படிப்பையா, உங்களையா?"

அவர் எழுந்து பாத்திரம் கழுவப் போனார்.

கடைசிச் செவ்வாய், செமினார். பேசாவிட்டால் மூன்றாவது ஆப்சென்ட், இரண்டு வருஷ உழைப்பும் தண்ணீரில் போய்விடும். ஒளிந்தால்தானே கண்டுபிடிப்பார்கள்? ஒரு கை பார்த்துவிடுவது என்று வார்டின் நட்டநடுவே மேஜையைப் போட்டு, போனை நிமிர்த்தி வைத்தாள். படுக்கைப்புண் வராமல் காப்பது எப்படி என்று கணீரென்று ஆரம்பித்தாள். நோயாளிகளும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவர் புரண்டுகூடப் படுத்துக்கொண்டார்.

மேட்ரனின் அறைக் கதவு படாரென்று திறந்தது. காதில் செருகியிருந்த எதையோ முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டே வந்தார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"போனை அணை."

"அணைக்க மாட்டேன் மேடம். மொத்த வார்டும் என் கண்ணு முன்னாடி இருக்கு. யாராவது கூப்பிட்டா ஓடுவேன், திரும்பி வந்து விட்ட இடத்துல இருந்து பேசுவேன். வேணும்னா மெமோ குடுங்க, சஸ்பெண்ட் பண்ணுங்க. இதை முடிக்காம எழுந்திருக்க மாட்டேன்."

"பேசட்டும் விடுங்கம்மா," என்றார் கால் உடைந்தவர்.

"உனக்கு மட்டும்தான் படிப்பா? மத்தவங்க எல்லாம்..." என்று ஆரம்பித்த மேட்ரன் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவர் பேசியது வார்டில் ஒரு தரமும், சிஸ்டரின் போனில் இன்னொரு தரமுமாகக் கேட்டது.

போனுக்குள் விட்டுடாதீங்க மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பூனைப்பட மேடம், உங்க மைக் ஆன்ல இருக்கு. சிஸ்டர் முடிக்கிறவரைக்கும் நீங்க வார்டைப் பாருங்க, அடுத்து நீங்க பேசறப்ப அவங்க பார்ப்பாங்க. ரெண்டு பேருமே விட்டுடாதீங்க."