கம்பாலாவைக் கரைத்துக் குடித்தவர்

வேலைக்கென்று வெளிநாடு போய்த் தங்குகிறவர்களில் பல ரகம் உண்டு. வந்து இறங்கிய அன்றே திரும்பும் நாளை எண்ணத் தொடங்குகிறவர் ஒரு ரகம். அவரால் யாருக்கும் தொல்லையில்லை. இப்போது நாம் பார்க்கப்போவது அந்த ஊரையே கரைத்துக் குடித்தவரை.

கம்பாலாவில் இவரைத் தேடி அலைய வேண்டாம். கொலோலோ குன்றில், பத்தடி மதிலுக்கும் முள்கம்பிக்கும் பின்னால் குடியிருப்பார். வெள்ளிக்கிழமைதோறும் உள்ளூர்த் துணியில் தைத்த பூப்போட்ட சட்டை போடுவார், உள்ளூர் மொழியான லுகாண்டாவில் ஏழு வார்த்தை பேசுவார், அந்த ஏழையும் ஓட்டல் சிப்பந்தியிடமே செலவழிப்பார், புதிதாக வந்தவர் யாராயிருந்தாலும் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய், எந்தச் சந்தையில் வாழைத்தார் மலிவு, எந்தப் போலீஸ்காரரிடம் சிரிக்கக் கூடாது, இந்த ஊர் ஜனங்களின் மனசு எப்படிப்பட்டது என்று கேட்காமலே பாடம் நடத்துவார். சந்தைக்குப் போவது யார்? சமையற்காரி. போலீஸ்காரரிடம் பேசுவது யார்? டிரைவர்.

அந்த டிரைவர்தான் லுப்வாமா. டென்மார்க்காரரான மோர்டனுக்கு ஆறு வருடமாக வண்டி ஓட்டுகிறான். மோர்டன் குடிநீர்த் திட்ட ஆலோசகர். வந்து பன்னிரண்டு வருடமாகிறது.

லுப்வாமாவுக்குப் பெண் அமைந்தது. முகோனோவில் நபோசாவின் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசையோடு போக நாள் குறித்தார்கள். சீரில் எது குறைந்தாலும் சமாளிக்கலாம். பெண்ணின் அண்ணன் கையில் சேவலைக் கொடுக்காவிட்டால் பெண் கிடையாது.

"நானும் உன் குடும்பம்தானே, எனக்கும் ஒரு பொறுப்புக் குடு" என்று மோர்டன் கண்கலங்கினார். லுப்வாமா உருகிப்போனான். இருப்பதிலேயே பெரிய கௌரவத்தைத் தூக்கி அவரிடம் கொடுத்தான். அதாவது, சேவலை.

பத்து மணிக்குச் சடங்கு. ஒன்பதரைக்கு லுப்வாமா போன் செய்தான்.

"பாஸ், எங்க வந்துக்கிட்டிருக்கீங்க?"

"வராந்தாவுல. காபி குடிச்சுக்கிட்டிருக்கேன்."

"ஐயோ பாஸ், பத்து மணிக்கு நாம வாசல்ல நிக்கணும்!"

"லுப்வாமா, யார்கிட்ட சொல்றே? உங்க ஊர்ல பத்துன்னா ஒண்ணுன்னு எனக்குத் தெரியாதா?"

"மத்ததுக்கெல்லாம் அப்படித்தான் பாஸ். இதுக்குப் பத்துன்னா பத்துதான். சேவல் இல்லாம உள்ள விட மாட்டாங்க!"

"மாப்பிள்ளைப் பதட்டம்" என்று யாரிடமோ சொல்லி அவர் சிரிப்பது காதில் விழுந்தது. பிறகு போன் அணைந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர். ஆண்கள் வெள்ளை அங்கியில், பெண்கள் தலையில் கூடையோடு, பூட்டிய கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். பெண் வீட்டுக்காகப் பேசுகிறவர் கேட் இடுக்கில் மூக்கை நீட்டினார்.

"எல்லாம் சரி. சேவல் எங்க?"

"வந்துக்கிட்டிருக்குங்க" என்றார் லுப்வாமாவின் சித்தப்பா கியிம்பா.

"நடந்தா வருது?"

உள்ளே பந்தலே சிரித்தது. லுப்வாமா மட்டும் சிரிக்கவில்லை. நபோசாவின் அத்தை அவளுக்கு வேறு ஒரு மாப்பிள்ளையை மனசில் வைத்திருந்தாள். அந்த மாப்பிள்ளையிடம் சொந்த லாரி இருந்தது. "ஒரு மணி வரைக்கும் பாப்போம். அப்புறம் நீங்க கிளம்பலாம்" என்று அத்தையின் குரல் கேட்டது.

பக்கத்து வீட்டில் மேய்ந்த சேவல் ஒன்றை யாரோ கண்ணால் காட்டினார்கள்.

"இந்தத் தெரு பூராவும் அவங்க சொந்தக்காரங்க" என்று சித்தப்பா சீறினார். "பொண்ணு வீட்டுச் சேவலைப் புடிச்சுப் பொண்ணு வீட்டுக்கே சீர் குடுக்கச் சொல்றியா?"

பதினொன்று ஆனது. பன்னிரண்டும் ஆனது. கூடை சுமந்த பெண்கள் மோர்டனின் ஏழு தலைமுறையையும் விசாரித்து முடித்தார்கள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி வந்தது. பூப்போட்ட சட்டையில் மோர்டன் நிதானமாக இறங்கினார். பின்னாலேயே, போன வாரம்தான் ஊருக்கு வந்த ஈவா என்ற பெண்.

வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா ஈவா? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல! நான் சொன்னேனா இல்லையா?"

மூன்று மணி நேரமாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, லுப்வாமா ஒன்றே ஒன்று சொன்னான். "பாஸ், நாங்க இத்தனை பேரும் உங்களுக்காகத்தான் நிக்கறோம்."

"எனக்காகவா!" மோர்டன் அவனைக் கட்டித் தழுவிக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட ஜனங்க, பாரு ஈவா!"

சித்தப்பா அதற்குள் சேவல் கூடையைப் பிடுங்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடியிருந்தார். ஒரு மணி அடிக்கும் முன் சேவல் அண்ணன் கைக்குப் போனது. நபோசாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் லுப்வாமாவுக்கு மூச்சே வந்தது.

கொலோலோ விருந்துகளில் இன்றைக்கும் இந்தக் கதை ஓடுகிறது. "பத்து மணின்னாங்க. நான் ஒரு மணிக்குப் போய் நிக்கறேன், கேட்டைக்கூடத் திறக்கலை!" என்பார் மோர்டன். எல்லோரும் சிரிப்பார்கள்.

நீங்களும் சிரித்தாயிற்றா? நல்லது. நீங்களும் பிழைப்புக்காக ஏதோ ஓர் ஊருக்குப் போனவராக இருக்கலாம். "இந்த ஊர்க்காரங்களே இப்படித்தான்" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? நேற்றா? அப்படியானால் இதை மூடி வைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். எங்கேயோ ஒரு வாசலில் உங்களுக்காக நாற்பது பேர் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.