கோல் போடாத எட்டாம் நம்பர்

உலகத்திலேயே பந்துக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே கால்பந்து வீரர் எங்கள் எட்டாம் நம்பர்தான் என்று எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன். பந்து கோட்டைத் தாண்டி உருண்டால் பின்னாலேயே ஓடிக்கொண்டு, "ஏனுங்க, நில்லுங்க, எங்க போறீங்க?" என்பார்.

அவருக்குச் சொந்த நாடு உருகுவே. பதினெட்டு வருஷம், ஏழு தேசத்துக் கிளப்புகளில் நடுக்கள ஆட்டக்காரராக ஆடி ஓய்வு பெற்றவர். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் தன் காலுக்குக் கட்டுப்போட்ட கோயமுத்தூர் டாக்டர் அம்மணியைக் கல்யாணம் செய்துகொண்டு ஆர்.எஸ்.புரத்துக்கு வந்துவிட்டார். தமிழ் கற்றது மாமியாரிடம். அந்த அம்மாள் மாப்பிள்ளையிடம் எப்படிப் பேசினாரோ, அதுதான் தமிழ் என்று பிடித்துக்கொண்டார். முதுகில் எட்டு போட்ட பழைய பனியனைத் தவிர வேறு எதுவும் போட்டு நான் பார்த்ததில்லை. மச்சினன் கல்யாணத்தில்கூட வேட்டிக்கு மேலே அதுதான்.

தினமும் காலையில் நாற்பது வயதைத் தாண்டிய நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவரோடு ஆடுவோம். ஓட முடியாத ஆளைக் கோல் கீப்பராக நிறுத்துவது எங்கள் வழக்கம். அந்த வேலைக்கு எனக்குப் போட்டியே கிடையாது. எட்டாம் நம்பரோ பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி, யாருக்குப் பந்து வரவில்லை என்று பார்த்துப் பார்த்து பாஸ் கொடுப்பார்.

ஒருநாள் டீக்கடையில் சொன்னார். "பதினெட்டு வருசத்துல ஒரு கோல்கூட போட்டதில்லீங்க. எங்கம்மா வருசா வருசம் கேக்கறாங்க. இனி எங்கீங்க? திங்கக்கிழமை முட்டி ஆபரேசன். அப்புறம் ஆடவே கூடாதுன்னு அம்மணி சொல்லிப்போட்டாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில்காரர்களோடு ஆட்டம். அவர்களுடைய கேப்டன் ஓர் அரிசி ஆலை முதலாளி. அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, எங்க எட்டுக்கு இது கடைசி ஆட்டமுங்க. ஒரே ஒரு கோல் போட்டுக்கட்டுமுங்களா?"

"அதுக்கென்னங்க, விருந்தாளி. தாராளமா போடட்டுங்க."

விருந்தோம்பலில் நம் ஆட்களுக்கு அளவு தெரியாது. எட்டாம் நம்பர் காலுக்குப் பந்து வந்ததும் வெள்ளகோவில் அணி மொத்தமும் ஒதுங்கி வழிவிட்டது. இரண்டு பேர் உட்கார்ந்து ஷூ கயிறு கட்ட ஆரம்பித்தார்கள். அவர்களுடைய கோல் கீப்பர் கம்பத்தோரம் நகர்ந்து, மண்டப வாசலில் நிற்கும் பெண் வீட்டுக்காரரைப் போல, "வாங்க, வாங்க" என்று கை நீட்டினார். இந்தக் காட்சியைத் தவறவிடக் கூடாதென்று நானும் நான் காவல் நின்ற கோல் கம்பத்தை அப்படியே விட்டுவிட்டு, மைதானம் முழுவதும் ஓடி, மூச்சு வாங்க அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

எட்டாம் நம்பர் பந்தின்மேல் காலை வைத்து நிறுத்தினார். ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். மெதுவாகத் தட்டிவிட்டார். பந்து என் முழங்காலில் பட்டு உள்ளே போய்விட்டது.

அவர் முட்டியை மறந்து என்னைத் தூக்கிக் குதித்தார். எனக்கானால் ஆத்திரம்.

"உங்களுக்குன்னு ஏற்பாடு பண்ணுன கோலை எனக்கு ஏனுங்க குடுத்தீங்க?"

"அவங்க ஒதுங்கி நின்னாங்க, அது கோலுங்களா? நீங்க அத்தனை தூரம் ஓடியாந்தீங்க. வெறுங்கையோட அனுப்பறதுங்களா?"

உடனே உருகுவேயில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவைப் போனில் எழுப்பி, அவர்கள் பாஷையில் உற்சாகமாகக் கத்தினார். ஆட்டம் பார்க்க வந்திருந்த டாக்டர் அம்மணியிடம் நான் கெஞ்சினேன். "அவர்தான் கோல் போட்டார்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க அம்மணி."

அம்மணியும் போனை வாங்கிச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு வயதான குரல் விழுந்து விழுந்து சிரித்தது.

"நம்ப மாட்டீங்கறாங்கண்ணா. 'அவன் குடுத்திருப்பான், போட்டிருக்க மாட்டான். சின்னதுல தட்டுல வெச்ச ரொட்டியவே பக்கத்துல இருக்கறவனுக்குக் குடுத்துட்டு வருவான்'ங்கறாங்க."

எட்டாம் நம்பர் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.