நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்திலிருந்து ஸ்பானிஷ்

'கொஞ்சம் தெரியும்' என்று சொல்கிறவனை நம்பவே கூடாது. 'நன்றாகத் தெரியும்' என்பவனை நாலு கேள்வி கேட்டு மடக்கிவிடலாம். 'தெரியாது' என்பவனை அவன் பாட்டுக்கு விட்டுவிடலாம். இந்தக் 'கொஞ்சம்' பேர்வழிதான் யார் கையிலும் சிக்காமல் நழுவிக்கொண்டே இருப்பான், ஒருநாள் நாலு பேர் முன்னால் கையும் களவுமாக மாட்டும் வரைக்கும். நான் மாட்டியது ஒரு பந்தியில், இலைக்கு முன்னால், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில்.

எண்பதுகளின் தொடக்கம். பி.ஏ. வரலாறு முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, மதுரை மேலமாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். (அன்றைக்கு வேலையில்லாத மதுரை வாலிபர்கள் எல்லோருமே டைப்ரைட்டிங்தான் படித்தோம். "பையன் என்ன செய்றான்?" என்று கேட்டால் வீட்டில் சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே.) எனக்கு மூன்றாம் நம்பர் மிஷின். நான்காம் நம்பரில் விமலா.

விமலா திருநகரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா ரயில்வே ஆபீஸில் சூப்பரிண்டென்ட். அவள் ஹையர் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். நான் லோயரிலேயே ஏ, எஸ், டி, எஃப் என்று தட்டிக்கொண்டிருந்தேன். அவள் விரல்கள் ஓடினால் எனக்கு வேலை ஓடாது. ஆறு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது "மணி என்னங்க?", "ரிப்பன் தீந்துபோச்சுங்க" ஆகிய இரண்டு வாக்கியங்கள். அந்த இரண்டையும் நான் வீட்டுக்குப் போய் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்பதைச் சொன்னால் என் வயதுக்கு மரியாதை இருக்காது.

ஒருநாள் அவள் கையில் வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிய கடிதம் ஒன்று இருந்தது. அப்போதெல்லாம் பேனா நட்பு பெரிய மோகம். விமலாவுக்கு ஸ்பெயினில் பிலார் என்று ஒரு பேனா சிநேகிதி. கடிதத்தைப் படித்து முடித்தவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஹிஸ்டரிதானே? ஸ்பானிஷ் ஏதும் தெரியுமாங்க?"

வரலாறு படித்தவனுக்கு ஸ்பானிஷ் எப்படித் தெரியும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. மணியையும் ரிப்பனையும் தாண்டி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

"அப்பாடா! ஜனவரியில பிலாரும் அவங்க அத்தையும் மதுரைக்கு வாராங்க. அத்தைக்கு இங்கிலீஷ் சுத்தமா வராதாம். பிலாருக்கும் டிக்ஷனரிய வச்சு எழுதுற இங்கிலீஷ்தானாம். எங்க வீட்டுலதான் சாப்பாடு. நீங்க வந்து பேசிருங்க, நான் அப்பாகிட்டச் சொல்லிர்றேன்."

அப்பாவிடம் சொல்லப் போகிறாள்! நான் அவள் வீட்டுக்குள் போகப் போகிறேன். அவள் அப்பா என்னைப் பார்த்து, 'பையன் பரவாயில்லையே, வெளிநாட்டு பாஷையெல்லாம் பேசுறான்' என்று நினைக்கப் போகிறார். அப்புறம் வேலை கிடைக்கும், அப்புறம் பெண் கேட்டுப் போவோம், அப்புறம்... அன்று சாயங்காலத்துக்குள் எனக்கும் விமலாவுக்கும் இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன. ஜனவரிக்கு நான்கு மாதம் இருந்தது. ஸ்பானிஷ் கற்க வேண்டியதுதான் பாக்கி.

பழைய புத்தகக் கடையில் ஸ்பானிஷ் இலக்கணம் ஒன்று அகப்பட்டது. அட்டை இல்லை. திறந்தால் நூற்றுப் பதிமூன்றாம் பக்கம்.

"அண்ணே, முன்னாடி பக்கமெல்லாம் எங்கண்ணே?"

"முன்னாடி இல்லாட்டி என்ன மாப்ள, பின்னாடி அம்புட்டும் இருக்குல்ல? முன்னாடி எல்லாம் லேசான பாடமாத்தேன் இருக்கும். படிச்ச பிள்ள, நீயே ஊகிச்சுக்க மாட்டியா?"

படிச்ச பிள்ளை என்ற சொல்லில் மயங்கி வாங்கிவிட்டேன். அந்தப் பக்கத்தில் தொடங்கிய பாடம், கூட்டு வினைகளின் காலங்கள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. காரணம், நம் தமிழும் அப்படித்தான். 'சாப்பிட்டு' என்பதோடு 'இரு' சேர்ந்தால் சாப்பிட்டிருக்கிறேன், சாப்பிட்டிருந்தேன், சாப்பிட்டிருப்பேன். அங்கேயும் ஒரு துணை வினை இருக்கிறது. அதன் வடிவத்தை மாற்றினால் காலம் மாறும், பின்னால் வருகிற வினை பேசாமல் நிற்கும். இவ்வளவுதானா ஸ்பானிஷ் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் 'சாப்பிடுகிறேன்', 'வாருங்கள்', 'வேண்டுமா', 'போதும்' போன்ற லேசான சங்கதிகள் எல்லாம் முதல் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் இருந்தன. என் ஸ்பானிஷில் எல்லாமே ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது, அல்லது நடந்திருக்கும். எதிரே நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு சொல்கூட இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. நான் அதைப் படித்த விதம்தான் வினை. வாய்ப்பாடு படித்த அதே முறையில், கண்ணை மூடி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, "ஹே, ஹாஸ், ஹா, ஹேமோஸ், ஹபேயிஸ், ஹான்" என்று உருப்போட்டேன். (எங்கள் அம்மா பக்கத்து வீட்டில், "பிள்ளை வேலை கிடைக்க ஏதோ ஜெபம் பண்ணுதுக்கா" என்று சொல்லியிருக்கிறார்.) எங்கள் பள்ளியில் 'ஏழெட்டு எவ்வளவு?' என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்துதான் ஏறி வருவோம். நடுப்படியில் நேராகக் கால் வைக்க யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஸ்பானிஷும் எனக்கு அப்படியே ஏறியிருந்தது. எந்தச் சொல் வேண்டுமென்றாலும் முதல் 'ஹே'யிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும்.

ஜனவரி வந்தது. பிலாரும் வந்தாள், அத்தையும் வந்தார். திருநகரில் விமலா வீட்டு வாசலில் பெரிய கோலம். தெருவே கூடி நின்றது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் நான். விமலாவின் அப்பா என் முதுகில் கை வைத்து, "தம்பி, வரவேற்று ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

வரவேற்பு எல்லாம் முன்பக்கத்தில். எனக்கு முழுசாக வந்த ஒரே வாக்கியம் பயிற்சிப் பகுதியில் இருந்தது. அதைக் கணீரென்று சொன்னேன்: "என் மாமாவின் தோட்டக்காரர் சன்னலைச் சாத்தியிருந்தார்."

அத்தை சன்னலைப் பார்த்தார். எல்லா சன்னலும் திறந்திருந்தது. பிலார் என்னைப் பார்த்தாள். தெரு கைதட்டியது. விமலாவின் முகத்தில் வந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை. வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த இடத்திலேயே ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பியிருக்க வேண்டும்.

பந்தி போட்டார்கள். அத்தைக்கு அறுபது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. இலையில் வைத்ததையெல்லாம் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். நம் வீடுகளில் விருந்தாளியின் இலை காலியாக இருந்தால் என்ன செய்வோம்? விமலாவின் அம்மா மறுபடி சோறு வைத்தார். அத்தை மறுபடி முழுவதையும் சாப்பிட்டார். அம்மா மறுபடி வைத்தார்.

மூன்றாவது சுற்றில் அத்தை கையை இலைக்குக் குறுக்கே நீட்டி, "நோ, நோ" என்றார்.

"நோங்கிறாகளே, விட்ருவோமா?" என்றார் விமலாவின் அம்மா.

"அதெல்லாம் கூச்சத்துல சொல்றது. விருந்துக்கு வந்தவுக எவுகளாச்சும் வேணும்னு வாய்விட்டுச் சொல்லுவாகளா?" என்ற அப்பா, என் பக்கம் திரும்பினார். "தம்பி, நெசமாவே வேண்டாமா, இல்ல கூச்சமான்னு கேட்டுச் சொல்லுங்க."

இந்தக் கேள்வியை எந்த மொழியில் கேட்பது? என்னால் உருப்படியாகக் கேட்க முடிந்தது 'சாப்பிட்டிருக்கிறீர்களா?' என்பது மட்டும்தான். சரி, அதையாவது கேட்போம் என்று கண்ணை மூடி ஆரம்பித்தேன். "ஹே, ஹாஸ், ஹா..." பதற்றத்தில் தடுமாறி விட்டது. திரும்பவும் முதலிலிருந்து. "ஹே, ஹாஸ், ஹா, ஹேமோஸ்..." நான் பேசிக்கொண்டிருக்கும்போது சும்மா நிற்பானேன் என்று விமலாவின் அம்மா ஒரு கரண்டி பாயசம் ஊற்றினார். அத்தை என்னையே பரிதாபமாகப் பார்த்தபடி அதைக் குடித்தார். நான் இறந்தகாலத்துக்குப் போனேன். இன்னொரு கரண்டி. எதிர்காலத்துக்கு வந்தேன். அப்பளம், வடை, மேலும் ஒரு கரண்டி.

"என்ன சொல்றாக தம்பி?"

"இருங்க சார், கேட்டுக்கிட்டிருக்கேன்."

கடைசியில் விமலா எழுந்து வந்தாள். அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இலையை அவர் பக்கமாக மடித்துவிட்டாள். கரண்டி நின்றது. எனக்குத் தெரியாத விஷயமா அது? பிறந்ததிலிருந்து இலை மடிக்கிறவன் நான். நான்கு மாத ஸ்பானிஷ் அதை மறைத்துவிட்டது.

அத்தை கட்டிலில் சாய்ந்தவர்தான். ஓமத்தண்ணீர், சோடா, தெருமுனை டாக்டர் என்று வீடு அல்லோலகல்லோலப்பட்டது. மீனாட்சியைத் தரிசிக்க அத்தனை தூரம் வந்தவர் இரண்டு நாள் விமலா வீட்டுச் சீலிங் ஃபேனைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்பினார். விருந்தன்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் விமலாவின் அப்பா கோபமே இல்லாமல் சொன்னார்: "தம்பி, எங்க ஸ்டேஷன்லயும் அறிவிப்பு சொல்ற ஆளுக இருக்காக. வண்டி கெளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிருவாக."

ஊருக்குப் போய் பிலார் எழுதிய கடிதத்தை விமலாவே எனக்குப் படித்துக் காட்டினாள். அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோது உள்நாட்டுச் சண்டைக்காலத்துப் பஞ்சத்தில் வாடியவராம், அன்றிலிருந்து தட்டில் எதையும் மிச்சம் வைக்க மாட்டாராம். அப்புறம், ஸ்பானிஷில் அந்த 'ஹெச்' எழுத்துக்கு ஓசையே கிடையாதாம். தான் சாப்பிடுவதைப் பார்த்து அந்தப் பையன் ஏன் அவ்வளவு நேரம் சிரித்தான் என்று அத்தை இன்னும் கேட்கிறாராம். அதைப் படிக்கும்போது விமலா சிரித்தாளே, மிஷின்கள் எல்லாம் நின்று திரும்பிப் பார்த்தன. என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அது தெரிந்த சந்தோஷத்தில் அன்று ஏ, எஸ், டி, எஃப் தப்பில்லாமல் வந்தது.

பத்து நாள் போயிருக்கும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் அவளோடு நின்றுகொண்டிருந்தேன். (தற்செயலாகத்தான். தினமும் அந்தத் தற்செயலுக்காக அரை மைல் சுற்றி வருவேன்.)

"கோயம்புத்தூர்ல ஒரு இடம் பாத்திருக்காக. ஞாயித்துக்கிழமை வாராக" என்றாள் விமலா. கொஞ்சம் பொறுத்து, "நீங்க ஏதாச்சும் சொல்லணுமாங்க?" என்றாள்.

சொல்லணும். அதற்காகவே ஒரு பேச்சை எழுதி வைத்திருந்தேன். எப்படி எழுதியிருப்பேன்? கட்டுரை மாதிரிதான். முன்னுரை, என் குடும்ப நிலை, படிப்பு, வேலை கிடைக்கும் வாய்ப்புகள், அப்புறம்தான் விஷயம், பிறகு முடிவுரை. எல்லாம் தலைகீழ் மனப்பாடம். நேராக விஷயத்துக்கு வர எனக்குத் தெரியவில்லை.

"அதாவதுங்க... எங்க வீட்டுல நாங்க மொத்தம் அஞ்சு பேரு..." என்று ஆரம்பித்தேன்.

திருநகர் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. எனக்கு முன்னுரை தடுமாறி, மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அடுத்த பஸ் வந்தது. "கூட்டமா இருக்கு, அடுத்ததுல போறேன்" என்றாள். பஸ்ஸில் பாதி சீட்டு காலி. அதை நான் பார்த்தேன், பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. என் பி.ஏ. மார்க்குக்கு வந்திருந்தேன்.

மூன்றாவது பஸ் வந்ததும் அவள் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"சரிங்க, போயிட்டு வாரேன்."

அதற்கப்புறம் நான்காம் நம்பர் மிஷினில் வேறு யாரோ தட்டினார்கள். நான் பல நாள் அந்தப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். சொல்ல வேண்டியது எல்லாம் அப்போது கோர்வையாக, நடுவிலிருந்துகூட வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. அவளுக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்பதை இந்தக் கட்டுரையில் வேடிக்கையாக்க எத்தனையோ முறை எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

பிறகு எனக்கும் வேலை கிடைத்தது, ஆனையூரில் பெண் பார்த்தார்கள். "பொண்ணுகிட்ட ஏதும் பேசணுமா?" என்று தனியாக விட்டார்கள். "எங்க வீட்டுல நாங்க மொத்தம் அஞ்சு பேரு" என்றேன். "எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க மெதுவாச் சொல்லி முடிங்க" என்றாள் செல்வி. அவள்தான் என் மனைவி.

பதினைந்து வருடம் கழித்து, அழகர்கோவில் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விமலாவைப் பார்த்தோம். கண்ணாடி போட்டிருந்தாள், கூடவே இரண்டு பெண்கள். என்னைவிட செல்வியிடம்தான் அதிகம் பேசினாள். அத்தை, பாயசம், தோட்டக்காரர் எல்லாம் சொல்லி இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கடைசியில் விமலா அதே சிரிப்போடு சொன்னாள்:

"அன்னைக்கு ரெண்டு பஸ்ஸ விட்டேங்க இவருக்காக. இவரு வாயத் தொறந்து சொல்லியிருந்தா, எங்கப்பாகிட்ட மல்லுக்கட்டியிருப்பேன்."

சொல்லியிருந்தால். மல்லுக்கட்டியிருப்பேன். நான்கு மாதம் உடம்பை ஆட்டி ஆட்டிப் படித்தபோது விளங்காத கூட்டு வினைகள் அந்த மண்டபத்தில், கையில் தாம்பூலப் பையோடு நின்றபோதுதான் எனக்கு முழுசாக விளங்கின.

இப்போது நாங்கள் குடியிருப்பது திருநகரில்தான். பெரியார் ஸ்டாண்டில் பஸ் வந்து, 'கூட்டமா இருக்கு, அடுத்ததுல போவோம்' என்று நான் சொன்னால் போதும், செல்வி என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளுவாள்: "ஏறுங்க, ஏறுங்க. விட்டு விட்டுப் பாக்க நான் என்ன விமலாவா?" பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது. வீட்டில் யார் எதைத் தள்ளிப்போட்டாலும் 'நீ என்ன விமலாவா?' என்பதுதான் கேள்வி. நானும் சேர்ந்து சிரிப்பேன். படியில் ஏறிய பிறகு ஒரு தடவை திரும்பி அந்த நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்வேன். அதற்கு மட்டும் செல்வி இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.