ஒட்டிப்போன தவளை

நேத்து எனக்கு இருந்தது ஒரே வேலை. திருத்தங்கல் பிரஸ்ல ஆர்டர் குடுத்திருந்த அட்டைத் தவளைகள வாங்கிட்டு வந்து வகுப்புல குடுக்கணும்.

நான் காலேஜ்ல விலங்கியல் டீச்சர். பிள்ளைக படிக்கிறதுக்காக இனி ஒரு தவளையும் சாகக்கூடாதுன்னு மீட்டிங்ல வீரமா பேசிட்டேன். வாய் சும்மா இருந்தாத்தானே!

எங்க ஹெச்ஓடி சார் சிரிச்சாரு. "செஞ்சு காட்டுங்கம்மா. சரிப்படலைன்னா பழையபடி தவளையப் பிடிச்சு அறுக்க வேண்டியதுதான்."

ரோசத்துல நானே உக்காந்து வரைஞ்சேன். வயித்து மடிப்பத் தொறந்தா ஈரல். ஈரலத் தூக்குனா குடல். எல்லாம் அடுக்கடுக்கா அட்டை. பட்டாசுப் பெட்டி அடிக்கிற பிரஸ் அண்ணாச்சி, "ஜமாய்ச்சிருவோம் டீச்சர்"ன்னாரு.

தவளைக் கட்ட வாங்கி பைக்ல வெச்சு, பிரிச்சுக்கூடப் பாக்காம நேரா லேபுக்குப் போயிட்டேன். அம்புட்டு பெருமை!

ஆளுக்கொரு தவளை குடுத்தேன். சார் கடைசி பெஞ்சுல வந்து உக்காந்துட்டாரு.

"வயித்தத் தொறங்க!"

"தொறக்க வரல மிஸ்."

வாங்கிப் பாத்தேன். அடப் பாவிகளா! ஒரு மடிப்பு விடாம பசை போட்டு ஒட்டி வெச்சிருக்காக!

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவரு பெட்டி ஒட்டுற அக்காகிட்ட போனக் குடுத்துட்டாரு.

"மடிப்புன்னா ஒட்டணும்ல டீச்சர்? தொறந்து கெடந்தா வெடியெல்லாம் கீள கொட்டிரும்ல."

"அது பெட்டி இல்ல, தவளை அக்கா!"

"தவளைக்குள்ளயா வெடி வெக்கிறீக? இந்த சீசனுக்குப் புது ஐட்டமா?"

எனக்கு அழுகையே வந்துருச்சு. இனி நெசத் தவளைக சாகப்போகுது, காரணம் நான்! ஆத்திரத்துல பிளேட எடுத்து வயித்தக் கீறுனேன். மேல் அட்டை மட்டும் மெள்ளப் பிரிஞ்சு வந்துச்சு. உள்ள ஈரல்!

பிள்ளைகளும் ஆளுக்கொரு கத்திய எடுத்துட்டாங்க. பின்னாடியிருந்து சார் குரல்.

"ஏலே, மெதுவா! மேல்தோல மட்டும் கீறு. ஈரல்ல பட்டுச்சு, மார்க் கெடையாது!"

கொஞ்ச நேரத்துல அவரே ஒரு தவளையோட உக்காந்துட்டாரு.

கடைசியா எந்திரிச்சு வந்து சொன்னாரு: "நெசத் தவளைக்கு எம்புட்டு பதனமா கை வெக்கணுமோ, இதுக்கும் அம்புட்டு வேணும்மா. இனி தவளை பிடிக்க வேண்டாம். ஆனா இதே மாதிரி ஒட்டித்தான் வாங்கணும்."

விடுவேனா? "யோசிச்சுத்தான் சார் ஒட்டவே சொன்னேன்"னு கைய வீசிச் சொன்னேன்.

"மொதல்ல அந்தக் கையக் கழுவுங்கம்மா. பிளேடு பட்டு ரத்தம் கொட்டுது."

ஆக, எங்க லேப்ல ரத்தம் சிந்துன கடைசிப் பிராணி நான்தான்.